பைஸ்டாண்டர் சுந்தரதாஸ்

ஆஸ்பத்திரி என்றால் நோயாளி ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேருக்கும் நடுவில், கையில் வயர் கூடையும் கக்கத்தில் மடித்த செய்தித்தாளுமாக, மூன்றாவதாக ஓர் இனம் நிற்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நோய் இவருக்கு இல்லை. மருந்தும் இவர் எழுதப்போவதில்லை. ஆனால் பேச்சு முழுக்க இவருடையது. கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையாக வருபவரைப் ‘பைஸ்டாண்டர்’ என்பார்கள். சும்மா பக்கத்தில் நிற்பவர் என்று அதற்கு அர்த்தமாம். அந்தப் பெயரை வைத்தவர் பாறசாலைப் பக்கம் வந்து சுந்தரதாஸைப் பார்த்ததில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சுந்தரதாஸ் நெய்யாற்றின்கரை டிப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிடும் பழக்கம் அவரை விடவில்லை. தனுவச்சபுரத்துக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவில் எந்த வீட்டில் யார் இருமினாலும் சரி, விடிந்ததும் இவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மீசையைச் சீவி, ஃபிளாஸ்க்கும் டம்ளரும் போர்வையும் அடைத்த வயர் கூடையோடு அந்த வீட்டு முற்றத்தில் நிற்பார். “கெளம்புவோம்” என்பார். எங்கே என்று கேட்கக் கூடாது. “டாக்டர எனக்குத் தெரியும். எல்லாம் நான் பேசிக்கிடுவேன். நீரு வாயத் தொறக்காண்டாம்.” இருமியவர் வெறுமனே புரையேறி இருமியிருந்தாலும் கிளம்பத்தான் வேண்டும்.

அவரால் உபயோகம் இல்லையா? இருந்தது. அந்த வழியில் ஓடும் எல்லாக் கண்டக்டர்களும் அவருக்கு முன்சீட்டு கொடுத்தார்கள். எந்த ஆஸ்பத்திரியில் எந்த வராந்தாவின் முடிவில் எக்ஸ்ரே அறை, எந்தக் காண்டீனில் கஞ்சி நன்றாக இருக்கும், எந்தக் காவல்காரரிடம் சிரித்தால் வாசல் திறக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ரத்தம் கேட்டால் கையை நீட்டினார். காரியம் கைமீறிப்போன நாட்களில், ஆம்புலன்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுமே பேசாமல் ஊர்வரைக்கும் வந்தார். குறை ஒன்றே ஒன்றுதான். டாக்டர் நோயாளியைக் கேட்கும் கேள்விக்கெல்லாம் இவர் பதில் சொன்னார். அதுவும் எப்படி? “நமக்கு வயிறு எளக்கம் நேத்துலேருந்து உண்டு.” “நமக்கு மூத்திரம் போகும்பம் ஒரு கடுப்பு.” அடுத்த தெரு சிஜியைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனபோது, “டாக்டரே, நமக்கு வலி வந்தாச்சு” என்று இவர் சொல்ல, பெரிய டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி இவரை மேலும் கீழும் பார்த்தது அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் மனைவி ராஜபாய்க்கு மட்டும் இந்தச் சேவை கிடைக்கவில்லை. அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அவர் யாருக்கோ மூல ஆபரேஷனுக்குத் துணை போயிருந்தார். அவள் ஆட்டோ பிடித்துத் தனியே போய், மருந்து வாங்கி, தனியே வந்து படுத்தாள். திரும்பி வந்தவர் மூலத்தின் கதையை விலாவாரியாகச் சொன்னார். அவள் முழுவதும் கேட்டாள்.

இப்படி ஊரின் உடம்பையெல்லாம் சுமந்துகொண்டிருந்தவருக்கு, மூக்கும் கன்னமும் சேருகிற மடிப்பில், மீசையின் இடது முனைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. ஐம்பது வயதுக்குப் பிறகு வந்தது. மிளகளவு இருந்தது மெல்ல மெல்லப் பட்டாணி அளவாயிற்று. ஓரம் மெழுகு பூசியதுபோல மினுங்கும். சவரம் செய்யும்போது ரத்தம் வரும், பொருக்கு கட்டும், பொருக்கு உதிரும், மறுபடியும் ரத்தம் வரும். “யோகமுள்ள மச்சமாக்கும்” என்றார். யோகம் எங்கே என்று ராஜபாய் கேட்டாள். “மச்சமே இப்பந்தான வந்திருக்கு. பின்னால வரும்” என்றார்.

தொண்ணூற்றாறாம் வருஷத்து நவம்பர் மாதத்தில் ஒரு சாயங்காலம் அவர் பக்கத்து வீட்டுப் பொன்னப்பனைக் கூட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் போனார். பொன்னப்பன் ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிறவர். ஆசிட் கலந்த பாலில் கை வைத்து வைத்து, உள்ளங்கை வெடித்து, தோல் பாளம் பாளமாக உரிந்திருந்தது. தோல் டாக்டர் ஷியாமளா அங்கே மாலை வேளையில் தன் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்த்துவந்தார். படர்தாமரை, சொறி, பொடுகு, கல்யாணம் நிச்சயமானபின் அவசரமாக ஓடிவரும் முகப்பரு என்று வரிசை வாசலுக்கு வெளியே நின்றது. சுந்தரதாஸ் வரிசையின் நடுவில் யாரிடமோ சிரித்துப் பேசி, எப்படியோ முதல் ஐந்து பேருக்குள் வந்துவிட்டார்.

“எப்பம் தொடங்கிச்சு?” என்று டாக்டர் பொன்னப்பனைக் கேட்டார்.

“நமக்கு ஓணம் கழிஞ்சு தொடங்கினதாக்கும்” என்றார் சுந்தரதாஸ்.

“அரிப்பு உண்டா?”

“கடும் அரிப்பு. நமக்கு ராத்திரி ஒறக்கமே இல்ல டாக்டரே.”

பொன்னப்பன் படுத்தால் இடி விழுந்தாலும் எழாதவர். அதைச் சொல்ல வாயெடுத்தார். மேசைக்குக் கீழே அவர் முழங்காலில் ஒரு தட்டு விழுந்தது. வாயை மூடிக்கொண்டார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். “இது எத்தன காலமா இருக்கு?”

“அதான சொன்னேன், ஓணம் கழிஞ்சு…”

“கைய கேக்கல்ல. உங்க மூக்குப் பக்கத்துல இருக்கது.”

“இதுவா? இது நமக்கு…” என்று தொடங்கியவர் நின்றுவிட்டார். அந்த ‘நமக்கு’க்குள் அன்றைக்கு வேறு ஆள் யாரும் இல்லை.

“மச்சமாக்கும்” என்றார், குரல் இறங்கி.

“ரெத்தம் வருமா?”

“இல்ல.”

“வரும் டாக்டரே” என்றார் பொன்னப்பன். அந்த அறைக்குள் வந்த பிறகு அவர் பேசிய முதல் சொல் அதுதான். “சட்டையில கறை பாத்திருக்கேன். மூணு வருசமா உண்டு. இப்பம் கூடியிருக்கு.”

டாக்டர் விளக்கை இழுத்து, ஒரு பூதக்கண்ணாடியை வைத்து, நெடுநேரம் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ டாக்டர்கள் எத்தனையோ பேரை அப்படிக் குனிந்து பார்ப்பதைச் சுந்தரதாஸ் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அந்தப் பார்வைக்குக் கீழே இருந்தால் நேரம் இப்படி நீளும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல அவர் யாரையும் விட்டதில்லை.

“ஒரு சின்னத் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்.”

“அப்பம் பொன்னப்பனுக்க கை?”

“அவருக்கு ஆயின்மென்டும் கையுறையும் போதும். ஆசிட்ட தொடாம இருந்தா சரியாவும். நீங்க இருங்க.”

வீட்டுக்குக் கன்னத்தில் பிளாஸ்திரியோடு போனவர், பிளேடு பட்டது என்று ராஜபாயிடம் சொன்னார். பொன்னப்பனிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். அது அவசியமில்லாத சத்தியம்.

முடிவு கேட்கப் போனபோது அவர் தனியாகப் போனார். அங்கேதான் பிசகிற்று. “இது தோல்ல வரக்கூடிய ஒரு கேன்சர்” என்று டாக்டர் தொடங்கியதும் சுந்தரதாஸின் காது அடைத்துக்கொண்டது. டாக்டரின் உதடு அசைவது தெரிந்தது. தலையை ஆட்டினார். சரி சரி என்றார். வெளியே வந்து, செருப்பை மாட்டி, பஸ் நிறுத்தம்வரை நடந்து, நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்கு எந்த பஸ் போகும் என்று ஒரு பழக்கடைக்காரரிடம் கேட்டார். கண்டக்டராக அந்த வழியில் கிழித்த டிக்கெட்டுக்குக் கணக்கில்லை. பழக்கடைக்காரர் அவரை ஒருமாதிரியாகப் பார்த்ததும்தான் தன்னிலைக்கு வந்தார். கேட்ட ஒரு சொல்லைத் தவிர டாக்டர் சொன்ன எதுவும் மனதில் இல்லை. திரும்பிப் போய், வரிசையில் கடைசி ஆளாக நின்று, மறுபடியும் உள்ளே போனார்.

டாக்டர் ஷியாமளா சலிக்காமல் முதலிலிருந்து சொன்னார். இது மெதுவாக வளர்வது. வேறு இடத்துக்குத் தாவுவது மிக அபூர்வம். ஆனால் விட்டுவைத்தால் இருக்கிற இடத்தையே அரித்துக்கொண்டு போகும், மூக்குப் போகும், கண்ணுக்கும் ஏறும். திருவனந்தபுரத்தில் டாக்டர் ராபின்சன் இருக்கிறார். அவர் இதை ஒரே வெட்டில் எடுத்துவிட்டுத் தைக்க மாட்டார். எடுத்த துண்டை அப்போதே உறையவைத்து, ஓரத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். மிச்சம் இருக்கிற பக்கத்தில் மட்டும் மறுபடி எடுப்பார்கள். ஓரம் சுத்தமான பிறகுதான் தையல். “பயப்படாண்டாம். ஆனா தள்ளிப் போடவும் கூடாது. ஒரு பைஸ்டாண்டர கூட்டிட்டுப் போங்க.”

ஒரு பைஸ்டாண்டர். யாரைக் கூட்டிப்போவது?

சுந்தரதாஸ் ஊரை மனதில் ஒரு சுற்று சுற்றினார். செல்லசாமியைக் கூப்பிட்டால் பஸ் அமரவிளைப் பாலம் தாண்டும்முன் உதியன்குளங்கரைச் சந்தை முழுக்கச் சேதி பரவிவிடும். சபையில் மூப்பராக இருக்கும் பொன்னுதாஸ் வார்டிலேயே சத்தமாக ஜெபம் பண்ணுவார், அதில் வியாதியின் பெயரையும் சொல்லுவார். பொன்னப்பனுக்குக் கை ஆறவில்லை. ஒருவர் அதிகம் பேசுவது ஒரு குறை என்று சுந்தரதாஸுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பட்டது அந்த வாரத்தில்தான். கடைசியில், பூவாரில் ஒரு ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், துணைக்கு நிற்க வேண்டும், திரும்ப ரெண்டு மூணு நாள் ஆகும் என்று ராஜபாயிடம் சொன்னார். அவள் வழக்கம்போல ஃபிளாஸ்கை நிரப்பிக் கொடுத்தாள்.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்த நர்ஸ் தலை நிமிராமல் மலையாளத்தில் கேட்டாள். “பேஷண்ட் எவிடெ?”

சுந்தரதாஸ் பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. “ஞானாணு” என்றார், நான்தான் என்று.

“பைஸ்டாண்டர்?”

“அதும் ஞானாணு.”

நர்ஸ் இப்போது நிமிர்ந்தாள். இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்க்க அங்கே வழியில்லை என்றாள். ஆபரேஷன் வேண்டுமென்றால் ஆள் வேண்டும். ஆள் வந்தால்தான் படுக்கை. எத்தனையோ பேருக்கு ஆளாக நின்றவர் வராந்தாப் பெஞ்சில் வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வழியாகப் போன ஒவ்வொரு நோயாளிக்குப் பக்கத்திலும் ஒருவர் பேசிக்கொண்டே போனார். எழுந்து வாசலில் இருந்த டெலிபோன் பூத்துக்குப் போனார்.

வீட்டில் போன் இல்லை. பக்கத்தில் கிருபாபாய் டீச்சர் வீட்டில் உண்டு. டீச்சர் போய் ராஜபாயைக் கூட்டி வரும்வரை அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்து நின்றார்.

“என்ன, பூவார்க்காரருக்கு கூடிப் போச்சா?” என்றாள் ராஜபாய்.

“பூவார்க்காரர்னு ஆரும் இல்ல.”

“பின்ன ஆருக்க கூட போய் நிக்கிறிய?”

“எனக்க கூட” என்றார்.



“அந்த மச்சமா?”

“ம்.”

“அது மச்சமில்லன்னு நான் எப்பமே சொன்னேன். கேட்டியளா? செரி. இருந்த எடத்துலயே இருங்க. வாறேன்.”

மத்தியானத்துக்கு முன் வந்துவிட்டாள். கோவிலுக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தாள். கிறிஸ்தவச் சபைக்காரர்கள் ஆராதனைக்குப் போகும் இடத்தைக் கோவில் என்றுதான் அங்கே சொல்வார்கள். ஆபரேஷனுக்கும் அவள் அதே சேலையைத்தான் எடுத்திருந்தாள். அழவில்லை. கூடையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் ராபின்சன் மெலிந்த மனிதர். பாறசாலைக்காரர்தான், பேச்சிலேயே தெரிந்தது. சீட்டைப் புரட்டினார்.

“பீடி சிகரெட் உண்டா?”

“கெடையாது” என்றார் சுந்தரதாஸ்.

டாக்டர் ராஜபாயைப் பார்த்தார். “உண்டு” என்றாள். “பின்பக்கம் வாழை மூட்டுல நின்னு.”

“பிரஷர் குளிக ஒழுங்கா எடுக்காரா?”

“தெனமும் எடுக்கேன் டாக்டரே.”

“இல்ல” என்றாள் ராஜபாய். “வாங்கி வச்சிருக்காரு.”

“வேற நாட்டு மருந்து ஏதாவது தேச்சாரா?”

சுந்தரதாஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார். ராஜபாய் யோசித்தாள். “தெரியாது” என்றாள்.

டாக்டர் பேனாவை நிறுத்தி அவளை மரியாதையாகப் பார்த்தார். உண்டு, இல்லை, தெரியாது. மூன்று சொல்லில் ஒரு பைஸ்டாண்டர். மூன்றாவது சொல்லைச் சுந்தரதாஸ் எந்த டாக்டரிடமும், எந்த நோயைப் பற்றியும் சொன்னதே இல்லை. அவர் ஒரு வாதம் பண்ணப் பார்த்தார். “நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் டாக்டர். “அவங்க சொல்லட்டு.”

மறுநாள் காலையில் முதலில் மீசை போயிற்று. டிப்போவில் மேலதிகாரிகள்கூட ஒரு கணம் தயங்கிப் பேசிய மீசை. அது போன முகத்தை ராஜபாய் பார்த்தாள். சிரித்துவிடுவாளோ என்று அவர் பயந்தார். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது.

உள்ளே, முகத்தின்மேல் பச்சைத் துணி. மரத்துப்போகும் ஊசி. விழித்தபடியே கிடக்க வேண்டும். “கன்னம் அசையக் கூடாது. பேசாண்டாம். வலிச்சா வெரல தூக்குங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுந்தரதாஸ் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே எத்தனையோ பொழுது கழித்தவர். கதவின் அந்தப் பக்கத்தில் ஒருவர் இவ்வளவு தனியாக இருப்பார் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டரும் நர்ஸும் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள். அதில் ஒரு விவரம் தவறு. திருத்த வேண்டும்போல விரல் துடித்தது. தூக்கினார். “வலிக்குதா?” என்று பதறிக் கேட்டார்கள். விரலை இறக்கினார்.

முதல் துண்டு எடுத்ததும் கட்டுப் போட்டு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஓரத்தைப் பார்த்துச் சொல்ல நேரமாகும். ராஜபாய் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பயமா இருக்கா?”

அவர் தலையசைத்தார்.

வழக்கமாக இந்த இடத்தில் அவர் மற்றவர்களுக்குச் சொல்வது ஒன்று உண்டு. ஒண்ணும் இல்ல ஓய், இது எல்லாம் ஒரு காரியமா என்று முதுகில் தட்டுவார். ராஜபாய் தட்டவில்லை. “எனக்கும் இருக்கு” என்றாள். அதோடு விட்டுவிட்டாள். அவர் தன் கையை எடுத்து அவள் மடியிலிருந்த கூடைமேல் வைத்துக்கொண்டார். இத்தனை பேருக்குத் துணை போனவருக்கு, துணை என்பது என்னவென்று அந்தப் பெஞ்சில் கொஞ்சம் பிடிபட்டது.

மேல்பக்கம் ஓர் ஓரத்தில் மிச்சம் இருந்தது. மறுபடி உள்ளே போனார். மறுபடி பெஞ்ச். இம்முறை டாக்டரே வெளியே வந்தார். “எல்லா ஓரமும் சுத்தம். இனி கன்னத்துத் தோல இழுத்து மூடித் தச்சிரலாம்” என்றார், ராஜபாயைப் பார்த்து. சுந்தரதாஸின் கண் கலங்கியது. பேசக் கூடாது என்பதால் அழுகைக்கும் சத்தம் வரவில்லை.

தையல் பிரிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது, கஞ்சித் தண்ணியும் ஜூஸும் மட்டும் என்று அனுப்பினார்கள். அந்த ஒரு வாரம்தான் ஊருக்குத் திருவிழா. இவர் கூட்டிப்போன அத்தனை பேரும் இவரைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்களெல்லாம் பேசினார்கள். செல்லசாமி, தொடையிலிருந்து தோல் எடுத்துத்தான் ஒட்டியிருக்கிறார்கள் என்று, பார்த்ததுபோல, வந்த மற்றவர்களுக்கு விளக்கினார். சுந்தரதாஸ் கட்டிலில் கையை வீசினார். “அசையாண்டாம், தொடையில தையல் விட்டுரும்” என்று செல்லசாமி அவர் காலைப் பிடித்து அமுக்கினார். பொன்னுதாஸ் ஜெபம் பண்ணினார். எதிர்பார்த்தபடி அதில் வியாதியின் பெயர் வந்தது, இரண்டு தடவை. எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, கேள்வி முடியுமுன் வேறொருவர் பதில் சொன்னார். பொன்னப்பன் மட்டும் கையுறையோடு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பொழுது இருந்துவிட்டுப் போனார். அவர் அடுத்த நாளும் வர வேண்டும் என்று சுந்தரதாஸ் ஆசைப்பட்டார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? தையல் பிரித்தார்கள். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு கோடு, அது மீசைக்குள் போய் மறைந்துவிடும். இடது உதடு ஒரு நூல் மேலே ஏறியிருந்தது, எதைக் கேட்டாலும் பாதி நம்பாதவர்போல ஒரு தோற்றம். மீசை ஓரளவு வளர்ந்ததும் அவர் கோவிலுக்குப் போனார். ஆராதனையில் எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்க, அவர் முன்வரிசையின் கழுத்துகளைப் பார்த்தார். கறுப்பாக எங்கே என்ன தெரிந்தாலும் மறுநாள் அவர் முற்றத்தில் நின்றார். “கெளம்புவோம்.” பிறந்தபோதே வந்த மச்சம், பரு, பாலுண்ணி, பெயின்ட் தெறித்த பொட்டு என்று டாக்டர் ஷியாமளாவின் வாசலில் ஆளைக் கொண்டு நிறுத்தினார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று டாக்டர் அனுப்பிக்கொண்டே இருந்தார். கிருபாபாய் டீச்சரின் காதுக்குப் பின்னால் இருந்தது மட்டும் ஒன்றுமில்லாதது அல்ல. தொடக்கத்திலேயே பார்த்ததால் சின்ன வெட்டோடு போயிற்று. டீச்சர் பிழைத்தார். ஊர்தான் மாட்டிக்கொண்டது. இனி ஆயுளுக்கும் இந்த மனிதரை யார் தடுப்பது?

ஒரே ஒரு மாற்றம் உண்டு என்று டாக்டர் ஷியாமளா ராஜபாயிடம் சொன்னாராம். டாக்டர் நோயாளியிடம் கேட்கும் முதல் கேள்விக்குச் சுந்தரதாஸ் இப்போது வாயை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, கழுத்து நரம்பு புடைக்க உட்கார்ந்திருக்கிறார். நோயாளி தன் வாயால் பதில் சொல்லி முடிக்கிறார். இரண்டாவது கேள்விவரைக்கும் அவரால் தாங்க முடிவதில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்களும் யாருக்காவது துணையாகப் போயிருப்பீர்கள். அப்பாவுக்கு, மாமியாருக்கு, தானே பேச வாய் நன்றாக இருக்கிற ஒரு சினேகிதருக்கு. டாக்டர் அவர் முகத்தைப் பார்த்து, “எப்படி இருக்கு?” என்று கேட்டபோது யார் பதில் சொன்னது? இப்போதுகூட என்னிடம் சொல்ல ஏதோ வாயெடுக்கிறீர்கள். பொறுங்கள். கேள்வி உங்களைத்தான் கேட்டதா என்று முதலில் பாருங்கள்.